ஒருவாட்டி வெடிச்ச நட்சத்திரம் ஏன் திரும்பத் திரும்ப பிரகாசமாகுது?

காட்பாடி_வானம்:
ஜவ்வாது மலை காவலூர் அப்சர்வேட்டரில அந்த 2.34 மீட்டர் டெலஸ்கோப்ப பாத்ததுல இருந்து இதே நெனப்புதான். சூப்பர்நோவான்னா, அதாவது நட்சத்திரம் வெடிச்சா, வெளிச்சம் ஏறி அப்புறம் மங்கிடணும் இல்ல, ஆனா 2014ல கண்டுபிடிச்ச ஐபிடிஎஃப்14எச்எல்எஸ்ங்கற சூப்பர்நோவா 600 நாளுக்கு மேல அஞ்சு வாட்டியாவது ஏறி இறங்குச்சாமே, இன்னா பவர் அது?

ஆம்பூர்_அண்ணாச்சி:
சூப்பர் கேள்வி தம்பி. சாதா சூப்பர்நோவால நிக்கல்-56ங்கற கதிரியக்க நிக்கல் சிதைஞ்சு கோபால்ட் ஆவும், அது சிதைஞ்சு இரும்பாவும், கோபால்ட்டோட அரை ஆயுள், அதாவது பாதி சிதையற நேரம், 77 நாள். அந்த சூடு சீரா குறையுமே தவிர மேடு பள்ளம் வராது. அப்போ வேற சோர்ஸ் வேணும். நட்சத்திரம் வெடிக்கறதுக்கு முன்னாடியே கக்கி வச்ச வாயு மேல வெடிச்ச பொருள் மோதலாம், இல்ல நடுவுல மேக்னடார் (பயங்கர காந்த சக்தி இருக்கற நியூட்ரான் ஸ்டார்) வேகமா சுத்தி சக்தி குடுக்கலாம்.

குடியாத்தம்_ஸ்டார்:
மோதலா இருந்தா ஸ்பெக்ட்ரத்துல, அதாவது வெளிச்சத்த நிறம் நிறமா பிரிச்சு பாத்தா, அடையாளம் தெரியணுமே, ஆரம்பத்துல தெளிவா எதுவும் இல்லையே அண்ணா?

ஆம்பூர்_அண்ணாச்சி:
கரெக்ட், அதான் எல்லாரையும் கொழப்புச்சு. மூணு வருஷம் கழிச்சு எடுத்த ஸ்பெக்ட்ரத்துல மோதல் அடையாளம் தெரிஞ்சுது, அதனால நான் வாயு பக்கம்தான். ஆனா எஸ்என் 2022ஜேஎல்ஐங்கற இன்னொரு சூப்பர்நோவா கதை வேற, அது சரியா 12.4 நாளுக்கு ஒருவாட்டி ஏறி இறங்குச்சு, ஸ்பெக்ட்ரத்துல ஹைட்ரஜன் கோடும் அதே கணக்குல முன்ன பின்ன நகர்ந்துச்சு, கூட இருக்கற ஜோடி நட்சத்திரத்தோட வாயுவ, வெடிச்சு மிஞ்சின நியூட்ரான் ஸ்டாரோ ப்ளாக் ஹோலோ சுத்திசுத்தி இழுக்குதுன்னு சொல்றாங்க. எனக்கு ரொம்ப புடிச்ச சூப்பர்நோவா அதான்!