வேலைக்கு முன் கிரிமினல் சரிபார்ப்பு: உங்களுக்கு என்ன நடந்தது?

சென்னை, மென்பொருள் சோதனைப் பணி

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீங்களும் எழுதுங்கள், குறிப்பாக நிறுவனம் உங்களிடம் எப்படி நடந்துகொண்டது என்பதை.

நேர்காணல் எல்லாம் முடிந்து ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. பழைய வேலையை விட்டுவிட்டு நோட்டீஸ் பீரியடில் இருந்தேன். ஹெச்ஆரிலிருந்து அழைத்து, "உங்க பிஜிவி, அதாவது பின்னணிச் சரிபார்ப்பு, ரெட் வந்திருக்கு, ஆஃபரை நிறுத்தி வைக்கிறோம்" என்றார்கள். காரணம் கேட்டால் "கோர்ட் செக்" என்பதோடு சரி. அறிக்கையைக் காட்டச் சொன்னேன். அது கம்பெனியின் உள் ஆவணமாம். சரிபார்த்த ஏஜென்சிக்கு எழுதினால், "எங்கள் ஒப்பந்தம் நிறுவனத்தோடு, உங்களுக்குத் தர முடியாது" என்று பதில்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. கோர்ட் செக்குக்காக யாரும் காவல் நிலையத்துக்குப் போகவில்லை. நீதிமன்ற வழக்குகளைத் தேடிப் பார்க்கிற இ-கோர்ட்ஸ் இணையதளத்தின் பதிவுகளில் பெயரையும் அப்பா பெயரையும் போட்டுத் தேடியிருக்கிறார்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். குலசாமி பெயர் வைக்கிற பகுதியில் ஒரே பெயரும் ஒரே அப்பா பெயரும் உள்ளவர்கள் ஒரு தாலுகாவிலேயே பலர் இருப்பார்கள். நானே தளத்தில் தேடியபோது, பக்கத்து ஒன்றியத்து ஆள் ஒருவர் மீதான அடிதடி வழக்கு என் பெயரில் நின்றது. வக்கீல் மூலம் காப்பி அப்ளிகேஷன் போட்டுக் குற்றப்பத்திரிகை நகலை வாங்கினேன். வயது வேறு, முகவரி வேறு. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் எனக்கான சரிபார்ப்புக்கும் விண்ணப்பித்து, இரண்டையும் சேர்த்து அனுப்பினேன்.

ரெட் கிரீனாக மாறியது. ஆனால் அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அந்த வழக்கு எண்ணை முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தால் போதும். அதைச் சொல்வதில் அவர்களுக்கு என்ன நஷ்டம்?

கோயம்புத்தூர், மனிதவளப் பிரிவு

தம்பி, மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். தனியார் நிறுவனம் இந்தச் சரிபார்ப்பை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நம்மைப் பற்றிய தரவைக் கேட்கவும் திருத்தவும் உரிமை இருக்கிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, உங்களுக்குச் சொன்ன பதிலை எந்த ஏஜென்சியும் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியாது.

நான் அளவுகோலாக வைத்திருப்பது உச்ச நீதிமன்றத்தின் 2016 அவதார் சிங் தீர்ப்பு. அரசுப் பணி பற்றியதுதான், எங்களைப் போன்ற தனியார் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அதில் நியாயம் இருக்கிறது. படிவத்தில் கேள்வி தெளிவாக இருக்க வேண்டும், கேட்காததைச் சொல்லவில்லை என்று ஒருவரைத் தண்டிக்கக் கூடாது, சின்ன வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால்கூட நிறுவனம் பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. அதே நேரம், உண்மையைச் சொல்லிவிட்டதாலேயே வேலை கொடுத்தாக வேண்டும் என்றும் இல்லை.

முன்பு எங்கள் படிவத்தில் "ஏதேனும் வழக்கு உண்டா?" என்று ஒரே வரி. ஊரடங்கு நேரத்தில் பைக்கில் போனதற்காக இந்தியத் தண்டனைச் சட்டம் 188-ல், அதாவது அரசு உத்தரவை மீறியதாக, வழக்கு வாங்கிய ஒரு பையன் அதற்கு "இல்லை" என்று எழுதிவிட்டான். அபராதம் மாதிரி ஏதோ என்றுதான் அவன் நினைத்திருந்தான். மேலாளர் "பொய் சொன்னவன்" என்று நின்றார். அந்த மாதிரி சுமார் 10 லட்சம் வழக்குகளைக் கைவிடுவதாக மாநில அரசே 2021 பிப்ரவரியில் அறிவித்தது. 188-க்குக் காவல்துறை நேரடியாக எஃப்ஐஆர் போட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. இரண்டையும் எழுதிக் கொடுத்து வாதாடினேன். பையன் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறான். இப்போது கைது, நிலுவை வழக்கு, தண்டனை என்று தனித்தனியாகக் கேட்கிறோம். ரெட் வந்தால் அறிக்கை முதலில் போவது விண்ணப்பித்தவருக்கு.

இராமநாதபுரம்

மேடம் சொல்வதெல்லாம் கம்பெனிக்குச் சரி. போலீஸ் வேலைக்கு எழுதுகிற பிள்ளைகள் நிலைமை வேறு.

என் அண்ணன் மகன் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்து, உடற்தகுதி எல்லாம் தேறினான். வரப்புத் தகராறில் பங்காளி கொடுத்த புகாரில் வீட்டு ஆம்பளைகள் எல்லார் பேரும் இருந்தது, இவன் பேரும்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1), அதாவது ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது என்று அப்போது நம்ம பக்கம் வழக்கமாகப் போட்ட பிரிவுகள். பெரியவர்கள் சமாதானமாகி, சாட்சிகள் கோர்ட்டில் மாற்றிச் சொல்ல, "சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை" என்று தீர்ப்பு வந்தது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. படிவத்திலும் அதை ஒளிக்காமல் எழுதினான். முன்னடத்தை விசாரணைக்குப் பிறகு நிராகரித்துவிட்டார்கள்.

காரணம், தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில் 14(பி). சந்தேகத்தின் பலனிலோ, புகார்தாரர் பிறழ்சாட்சியாகியோ விடுதலையானவரை வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்கிறது அதன் விளக்கம். 2008-ல் உயர் நீதிமன்ற முழு அமர்வும் அந்த விதியை ஏற்றுக்கொண்டது. என் மனசு ஆறவில்லை. யாரையும் தொடக்கூட இல்லாத பிள்ளை அவன். வழக்கின் தன்மையைப் பார் என்று உச்ச நீதிமன்றம் சொல்வதற்கும் இந்த விதிக்கும் எவ்வளவு தூரம்!

தேர்வு எழுதுகிற பிள்ளை வீட்டில் இருந்தால், தகராறு வழக்கில் அவன் பேர் சேர்ந்த உடனேயே வக்கீலைப் பாருங்கள். போலீஸ் விசாரணை நிலையிலேயே, அவன் அந்த இடத்தில் இல்லை என்று காட்டிப் பேரை எடுக்க வையுங்கள். சாட்சி மாற்றிச் சொல்லி வாங்குகிற விடுதலை இந்த வேலைக்கு உதவாது.

நியூயார்க்

முதலில் எழுதிய சகோதரரின் கதை எனக்கும் நடந்தது, முடிவு மட்டும் வேறு. வேறொருவரின் வழக்கு என் அறிக்கையில் ஏறியிருந்தது. நிறுவனம் அறிக்கையின் நகலையும் என் உரிமைகளைச் சொல்லும் தாளையும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தது. அவர்கள் நல்லவர்கள் என்பதால் அல்ல, இங்கே சட்டம் அப்படி. வேலை மறுக்கும் முன் நகல் தந்தாக வேண்டும். தவறு என்று எழுதினால் ஏஜென்சி பொதுவாக 30 நாளுக்குள் மறுபடி விசாரிக்க வேண்டும். இந்த நகரத்தில் 2015 முதல் நிபந்தனையோடு ஆஃபர் தந்த பிறகுதான் குற்றப் பின்னணியையே கேட்க முடியும். வழக்கைக் காட்டி மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தந்து, பதில் சொல்லக் குறைந்தது 5 வேலை நாள் விட வேண்டும். ஏஜென்சி திருத்திய பிறகு அதே வேலையில் சேர்ந்தேன்.

திருச்சி

கோயம்புத்தூர் அக்கா, ஒரு சந்தேகம். என் தம்பிக்கு 16 வயதில் ஒரு திருட்டு வழக்கு, இளைஞர் நீதிக் குழுமத்தில் முடிந்துவிட்டது. இப்போது கம்பெனிப் படிவத்தில் "தண்டனை" என்ற கட்டம் இருக்கிறது. என்ன எழுதுவது?

கோயம்புத்தூர், மனிதவளப் பிரிவு

2015 இளைஞர் நீதிச் சட்டம் 24-ஆம் பிரிவைப் பாருங்கள். சிறார் வழக்கில் வந்த முடிவு பின்னால் எந்தத் தகுதிக் குறைவையும் உண்டாக்காது, மேல்முறையீட்டுக் காலம் முடிந்ததும் பதிவுகளை அழிக்க வேண்டும் என்கிறது. 16 வயது நிறைந்தவரைக் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர் போல விசாரித்திருந்தால்தான் விதிவிலக்கு. தம்பி வழக்கு குழுமத்திலேயே முடிந்ததால் அந்தக் கவலை வேண்டாம். படிவத்தின் கேள்வியையும் குழுமத்தின் உத்தரவு நகலையும் ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு நிரப்பச் சொல்லுங்கள். கம்பெனி ஏதாவது கேட்டால் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.