ரெனுவாரின் கடைசிக்காலக் குட்டி நிலக்காட்சிகள்: நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் வரைந்த பெண்களும் பூக்களும் எனக்கு இன்றுவரை அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் தெற்கு பிரான்ஸில் கடைசிக்காலத்தில் அவர் தீட்டிய சின்னச் சின்ன நிலக்காட்சிகள் வேறு ரகம். நீஸிலிருந்து ரயிலில் கான்ய்-சுர்-மேர் போய் இறங்கி, அவர் வாழ்ந்த லே கொலெட் தோட்டத்துக்கு மேடேறிப் போனேன். அங்கிருந்த கிழட்டு ஆலிவ் மரங்களை வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் 1907இல் அந்த இடத்தையே வாங்கினாராம். மரங்கள் இன்னும் நிற்கின்றன, அடிமரம் பிழிந்துபோட்ட வேட்டி மாதிரி முறுக்கிக்கொண்டு. காற்றடித்தால் பச்சை இலையெல்லாம் வெள்ளியாகிறது. இந்தப் படங்களில் மரமும் புல்லும் கூரையும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடப்பதை அவசர வேலை என்பவர்கள் உண்டு. நல்ல வெயிலில் அந்த மரத்தடியில் நின்று பார்க்கட்டும், எது எங்கே முடிகிறது என்று கண்ணுக்கே பிடிபடாது. அப்புறம் இன்னொன்று, 1908இல் குடும்பத்துக்குப் புது வீடு கட்டியாயிற்று, மனுஷன் திரும்பத் திரும்ப வரைந்ததோ பக்கத்திலிருந்த பழைய பண்ணைவீட்டை.

முடக்குவாதத்தில் விரல் மடங்கிப் போனதால்தான் படங்கள் சிறுத்தன என்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அவருடைய சக்கர நாற்காலியை அங்கே வைத்திருக்கிறார்கள், பார்த்தால் மனசு கனக்கத்தான் செய்கிறது, ஆனால் அதே கையால்தான் 1918-19இல் ஒன்றரை மீட்டருக்கும் அதிக அகலத்தில் ‘குளிக்கும் பெண்கள்’ படத்தையும் தீட்டினார் (இப்போது பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில்). சின்னது அவருக்குப் பிடித்த அளவு, அவ்வளவுதான். ஒரே கான்வாஸில் பல காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்ப்பார். அவர் 1919இல் இறந்த பிறகு அப்படிப்பட்டவற்றை வெட்டித் தனித்தனியாக விற்றதும் நடந்திருக்கிறது. கொடுமை.

பதில்:

பிலடெல்பியா பக்கம் வந்தால் பார்ன்ஸ் காட்சியகத்துக்குப் போங்கள், அங்கே ரெனுவார் மட்டும் 181. சுவரில் விளக்கச் சீட்டு கிடையாது, படங்களுக்கு நடுவே பழைய கீல், பூட்டுத் தகடெல்லாம் அடித்திருப்பார்கள். பெரிய படங்களுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாகக் குட்டி நிலக்காட்சிகள் தொங்குவதால் கூட்டம் அவற்றைக் கண்டுகொள்வதே இல்லை. நமக்கு வசதி. சாயத்தை அவ்வளவு நீர்க்கப் பூசியிருக்கிறார், சில இடத்தில் கான்வாஸ் நெசவே தெரிகிறது. தரையில் ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதைத் தாண்டிவிடாதீர்கள், காவலர் உடனே வந்துவிடுவார்.