பிரிட்ஜ் மாத்தின பிறகு ஆறாவது ஸ்ட்ரிங் 12வது ஃப்ரெட்டில் ஷார்ப், சேடில் கடைசி வரை போயிடுச்சு: உதவி தேவை

மாடிவீட்டு ரிஃப்

வணக்கம். என்கிட்ட இருக்கிறது ஸ்ட்ராட் மாடல் கித்தார், ஆறு ஸ்க்ரூ ட்ரெமோலோ பிரிட்ஜ் (பாடியில ஸ்ட்ரிங்கைத் தாங்கி, வேமி பார்ங்கிற கம்பியால அசையற பாகம்). பழைய பிரிட்ஜில் சேடில் (ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் உட்காருற சின்னத் துண்டு) ஸ்க்ரூ எல்லாம் துருப்பிடிச்சு, ஆலன் கீ போட்டாலே வழுக்கிட்டுப் போச்சு. அதனால அடியில ஸ்டீல் பிளாக் (கனமான எஃகுக் கட்டி) வச்ச புது பிரிட்ஜ் வாங்கிப் போட்டேன். பழைய ஓட்டையிலேயே உட்கார்ந்துடுச்சு. அப்படியே ஸ்ட்ரிங்கும் 9 செட்டிலிருந்து கொஞ்சம் தடிச்ச 10 செட்டுக்கு மாத்தினேன்.

இப்போ ஆறாவது ஸ்ட்ரிங்கை ஓப்பனில் சரியா ட்யூன் பண்ணி 12வது ஃப்ரெட்டில் அழுத்தினா 12 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஷார்ப், அதாவது சுருதி கூடுது. சேடிலைப் பின்னாடி தள்ளித் தள்ளி, அதோட ஸ்பிரிங் முழுசா நசுங்கிடுச்சு, இனி நகர இடமில்ல. மேல் ஃப்ரெட்களில் ட்யூனர் முள்ளும் ஒரு இடத்தில் நிக்காம அலையுது.

இன்னொண்ணு, வேமி பாரை அமுக்கி விட்டா ஆறு ஸ்ட்ரிங்கும் சுருதி குறைஞ்சு கொஞ்சம் ஃப்ளாட்டாவே நின்னுடுது. பாரை மேல இழுத்து விட்டா திரும்பவும் சரியாகுது.

பிரிட்ஜைக் கழற்றி 3 மி.மீ. பின்னாடி புது ஓட்டை போடலாமா? டிரில் கையில இருக்கு.

செட்டப் அண்ணாச்சி

தம்பி, முதல்ல டிரில்லை எடுத்து உள்ள வைங்க. பழைய ஓட்டையில் பிரிட்ஜ் பொருந்திடுச்சுன்னா இடம் மாறலைன்னு அர்த்தம். பழைய பிரிட்ஜில் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியா வர்றது) சரியா இருந்ததா? இருந்ததுன்னா கோளாறு வேற எங்கயோ இருக்கு.

சந்தேகம் இருந்தா அளந்து பாருங்க. நட்டோட (நெக்கோட தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காருற பள்ளத் துண்டு) உள்விளிம்பிலிருந்து 12வது ஃப்ரெட் வரைக்கும் 324 மி.மீ. வரணும். அதுல இரண்டு மடங்கு 648. முதல் ஸ்ட்ரிங் சேடில் ஏறக்குறைய அந்த இடத்தில் இருக்கும், ஆறாவது அதைவிட சில மில்லிமீட்டர் பின்னாடி இருக்கும்.

மூணு அளவு மட்டும் சொல்லுங்க. பிரிட்ஜ் தட்டோட பின்விளிம்பு பாடியிலிருந்து எவ்வளவு தூக்கியிருக்கு? 17வது ஃப்ரெட்டுக்கு மேல ஆறாவது ஸ்ட்ரிங் எவ்வளவு உயரம்? கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடிச்சா ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வைப் பிடிக்கிற பாகம்) காந்தத்துக்கும் எவ்வளவு இடைவெளி?

மாடிவீட்டு ரிஃப்

ஆமாண்ணே, பழசுல சரியாத்தான் இருந்துச்சு. 324 கரெக்டா வருது. பின்விளிம்பு 6 மி.மீ. தூக்கி நிக்குது. 17வது ஃப்ரெட்டில் 2.8 மி.மீ. நெக் பிக்கப்பில் இடைவெளி 1 மி.மீ.கூட இருக்காது.

செட்டப் அண்ணாச்சி

அப்போ எல்லாமே இதுக்குள்ளதான் இருக்கு.

மிதக்கிற பிரிட்ஜ் ஒரு தராசு. ஒரு தட்டுல ஸ்ட்ரிங்கோட இழுப்பு, இன்னொண்ணுல பின்னாடி குழியில் இருக்கிற ஸ்பிரிங்கோட இழுப்பு. நீங்க 10 செட் போட்டதும் முன்பக்க இழுப்பு கூடிடுச்சு, ஆனா ஸ்பிரிங்கைத் தொடவே இல்ல. அதனால பிரிட்ஜ் முன்னாடி சாய்ஞ்சு சேடில்களைத் தூக்கிடுச்சு. சேடில் உயர்ந்தா ஆக்‌ஷன் உயரும். அதாவது ஃப்ரெட்டுக்கு மேல ஸ்ட்ரிங்கோட உயரம் கூடும். ஸ்ட்ரிங் ஃப்ரெட்டைத் தொட அதிக தூரம் இறங்கணும், இறங்கும்போது இழுபடும், இழுபட்டா சுருதி ஏறும். நீங்க சேடிலைப் பின்னாடி தள்ளித் தள்ளி ஈடுகட்டப் பார்த்தது இந்த ஏத்தத்தைத்தான்.

பின் மூடியைத் திறந்தா ஸ்பிரிங் மாட்டியிருக்கிற கொக்கித் தகட்டை இரண்டு நீள ஸ்க்ரூ பிடிச்சிருக்கும். இரண்டையும் அரைச் சுற்று இறுக்குங்க, ஆறு ஸ்ட்ரிங்கையும் திரும்ப ட்யூன் பண்ணுங்க, பின்விளிம்பைப் பாருங்க. 3 மி.மீ. வர்ற வரைக்கும் இப்படியே. ஃபெண்டர் செட்டப் வழிகாட்டியிலும் ஏறக்குறைய இந்த அளவுதான், 3.2 மி.மீ. அந்தத் தகட்டுல சால்டர் பண்ணின வயர் ஒண்ணு இருக்கும், அது எர்த். அறுந்தா ஆம்ப்பில் இரைச்சல் கிளம்பிடும், பார்த்துத் திருப்புங்க.

ட்யூனர் முள் அலையுறது பிக்கப்னால. காந்தம் அவ்வளவு கிட்ட இருந்தா தடிச்ச ஸ்ட்ரிங்கைப் பிடிச்சு இழுக்கும், ஒரே நோட்டுல இரண்டு சுருதி உரசுற மாதிரி கேட்கும். அப்படி இருக்கிற வரைக்கும் எந்த பிரிட்ஜாலயும் இன்டொனேஷன் வைக்க முடியாது. சாதாரண சிங்கிள் காயில் (ஒரே சுருள்) பிக்கப்பா இருந்தா கடைசி ஃப்ரெட் அழுத்தின நிலையில ஆறாவது பக்கம் 2.4, முதல் பக்கம் 2 மி.மீ. விடுங்க.

பேக்கப் ட்ராக்

அண்ணாச்சி சொன்னதோட வேமி விஷயத்தையும் சேர்த்துக்கோங்க ப்ரோ. ஒண்ணு ரெண்டு ஸ்ட்ரிங் மட்டும் ஷார்ப்பா நின்னா நட் பிடிக்குதுன்னு அர்த்தம், பென்சில் கரி தடவினா போதும். ஆறும் சேர்ந்து ஃப்ளாட்டா நிக்குதுன்னா பிரிட்ஜே பழைய இடத்துக்கு வரலை. முன்னாடி இருக்கிற ஆறு ஸ்க்ரூவையும் முழுசா இறுக்கிட்டீங்களா?

மாடிவீட்டு ரிஃப்

ஆமா, நல்லா டைட்டாத்தான் இருக்கு.

பேக்கப் ட்ராக்

அதுதான். ஸ்ட்ரிங்கை எல்லாம் தளர்த்திட்டு, ஓரத்தில் இருக்கிற இரண்டு ஸ்க்ரூவையும் தலை தட்டைத் தொட்டும் தொடாம இருக்கிற அளவுக்கு விடுங்க. நடுவில் இருக்கிற நாலையும் ஒன்றரை மி.மீ. மேல எடுத்துடுங்க. சுமையை ஓரத்து இரண்டுமே தாங்கும், நாலும் சும்மா துணைக்குத்தான்.

என் கருத்து, நீங்க பாரை மேல இழுத்து வாசிக்கிற ஆள் இல்லைன்னா ஸ்பிரிங்கை நல்லா இறுக்கி பிரிட்ஜைப் பாடியிலேயே உட்கார வச்சிடுங்க. ஒரு ஸ்ட்ரிங்கை பெண்ட் பண்ணும்போது (விரலால வளைக்கும்போது) மத்த ஸ்ட்ரிங் சுருதி இறங்காது, ஒரு ஸ்ட்ரிங் அறுந்தாலும் மேடையில் சமாளிக்கலாம்.

செட்டப் அண்ணாச்சி

அது நல்ல வழிதான், ஆனா மிதக்கும்போது வர்ற அந்த மெல்லிய அசைவு போயிடும். எனக்கு அது வேணும். தம்பி, உங்க கை என்ன கேக்குதோ அதைச் செய்யுங்க.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் இன்டொனேஷன் கடைசியில்தான். முதல்ல ஸ்பிரிங். அப்புறம் நெக் வளைவு: 1வது ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டு கடைசி ஃப்ரெட்டை அழுத்தினா 8வது ஃப்ரெட்டில் 0.25 மி.மீ. இடைவெளி. பைக் ஸ்பேர் கடையில் டேப்பெட் பார்க்கிற ஃபீலர் கேஜ் கிடைக்கும், அதுவே போதும். பிறகு சேடில் உயரம், 17வது ஃப்ரெட்டில் 1.6 மி.மீ.யில் ஆரம்பிங்க. பழைய மாடல் மாதிரி வளைவு அதிகமான ஃப்ரெட்போர்டுன்னா ஆறாவது பக்கம் 2 மி.மீ. இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் 12வது ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் (அழுத்தாம லேசா தொட்டு மீட்டினா வர்ற நோட்) அழுத்தின நோட்டையும் ஒப்பிடணும். கித்தாரை வாசிக்கிற மாதிரி மடியில வச்சு, வாசிக்கிற அழுத்தத்தில். அழுத்தினது ஷார்ப்னா சேடில் பின்னாடி, ஃப்ளாட்னா முன்னாடி.

மாடிவீட்டு ரிஃப்

பண்ணியாச்சு! மிதக்கவே விட்டிருக்கேன். பின்விளிம்பு 3 மி.மீ., ஆக்‌ஷன் 1.7. பிக்கப் இறக்கினதும் முள் அசையாம நிக்குது. வேமி அமுக்கி விட்டாலும் திரும்பி சரியா வருது. ஐந்தாவது வரைக்கும் இன்டொனேஷன் கச்சிதம். ஆறாவது மட்டும் இன்னும் 3 சென்ட் ஷார்ப், சேடில் ஸ்பிரிங்தான் இடிக்குது.

செட்டப் அண்ணாச்சி

அந்த ஒரு சேடிலோட ஸ்பிரிங்கைக் கழற்றிப் பாதியா வெட்டிப் போடுங்க. ஸ்ட்ரிங் இழுப்பே சேடிலைப் பிடிச்சு வச்சுக்கும், ஆடாது.

சுருதி தேடி

நானும் பிரிட்ஜ் மாத்தலாம்னு இருக்கேன். வாங்குறதுக்கு முன்னாடி எதை அளக்கணும்?

பேக்கப் ட்ராக்

ஓரத்து இரண்டு ஸ்க்ரூவோட மையத்துக்கு மையம். பழைய ஃபெண்டர் அளவு 56 மி.மீ., ஆசியத் தயாரிப்பு கித்தார் பலதிலும் 52.5. இது ஒத்து வரலைன்னா ஓட்டையை அடைச்சுத் திரும்பப் போட வேண்டி வரும். அடுத்து பாடியோட தடிமன். சாதாரண ஸ்ட்ராட் ஏறக்குறைய 45 மி.மீ., பட்ஜெட் மாடல் சிலது அதைவிட மெலிசு. அதுல முழு நீள ஸ்டீல் பிளாக் போட்டா பின்பக்கம் வெளிய துருத்திக்கிட்டு நிக்கும். உங்க பழைய பிளாக்கைக் கழற்றி நீளத்தை அளந்து, அதே அளவில் கேளுங்க.