‘தி லாஸ்ட் பிக்சர் ஷோ’: ரூத் மன்னித்துவிட்டாளா?

மௌனராகன்:
பீட்டர் போக்டனோவிச்சின் 1971 படம். கடைசிக் காட்சியில் பள்ளிக் கோச்சின் மனைவி ரூத் காபிப் பாத்திரத்தைச் சுவரில் வீசியடித்துக் கத்துகிறாள். சற்று நேரத்தில் அவளே, தன்னோடு உறவாடிவிட்டு ஜேசி என்ற பெண்ணுக்காகத் தன்னைக் கைவிட்ட இளைஞன் சன்னியின் கையைப் பிடித்துத் தேற்றுகிறாள். இது மன்னிப்பா, இயலாமையா? படம் ஏன் வாய் திறக்க மாட்டேன் என்கிறது?

நாலாம்வரிசை:
ரூத் வாய் திறக்கிறாள் நண்பரே, திறக்காதவன் சன்னிதான். அவன் வந்ததும் அவள் முதலில் செய்வது, உடை மாற்றாமல் இருப்பதற்கு வருத்தம் தெரிவிப்பது. காபி ஊற்றும்போதுதான் ‘நான் எதற்கு இவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன்?’ என்று உறைக்கிறது. கோபத்தில் பாதி தன் பழக்கத்தின் மேல். நண்பன் பில்லி லாரியில் அடிபட்டுச் செத்ததால்தான் இவன் தேடி வந்திருக்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியும். ஜேசி விசிலடித்தால் பில்லியையும் விட்டுவிட்டுத்தானே போயிருப்பாய் என்று குத்துகிறாள். இப்போது நான் உனக்குத் தேவை என்பதற்காகப் பழையது திரும்பாது என்கிறாள். சன்னி பதிலே சொல்லவில்லை, கையை நீட்டுகிறான். கை கோத்த பிறகும் அவள் சொன்னது சொன்னதுதான். அதனால் மன்னிப்பு என்று என்னால் படிக்க முடியவில்லை.

இன்னொன்று: இந்த உறவைத் தொடங்கிவைப்பதே கோச்தான். மனைவியை டாக்டரிடம் கூட்டிப்போகும் வேலையை மாணவன் சன்னியின் தலையில் கட்டிவிடுகிறார். அந்த வீட்டில் என்ன இல்லை என்பதற்கு அது போதும்.

ஒலிப்பெட்டி:
படத்துக்கென்று பின்னணி இசை கிடையாது. கேட்கும் பாட்டெல்லாம் ரேடியோ, ஜூக்பாக்ஸ் மாதிரி காட்சிக்குள்ளிருந்தே வருவதுதான். சன்னியும் ரூத்தும் முதன்முதலாகச் சேரும் இடத்தில் கட்டில் கிறீச்சிடுவதும் அவள் அழுவதும்தான் மிச்சம். வயலின் சேர்த்திருந்தால் இது காதல் காட்சியாகிக் கெட்டுப்போயிருக்கும்.

குட்டைக்கரை:
பூல் ஹால் (பில்லியர்ட்ஸ் கூடம்) நடத்தும் சாம், ஜேசியின் அம்மா லோயிஸ் இருவரையும் விட்டுவிட்டீர்களே! குட்டையோரம் மீன் பிடிக்கும்போது சாம் பழைய காதலைச் சொல்கிறார், பெயர் சொல்வதில்லை. கேமரா மெல்ல அவரை நெருங்கி, மெல்ல விலகுகிறது. அந்தப் பெண் தான்தான் என்று லோயிஸ் சன்னியிடம் சொல்வது சாம் செத்த பிறகு. இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளும் காட்சியே படத்தில் இல்லை.

லோயிஸுக்கு வசனமே இல்லாத இடம் ஒன்று: தன் ரகசியக் காதலன் ஏபிலினின் வண்டிச் சத்தம் கேட்டு ஆசையாக எழுந்து வருவாள், உள்ளே நுழைவது மகள் ஜேசி. அந்த முகத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஆனால் எந்தப் பதிப்பு என்று கவனியுங்கள். 126 நிமிடப் பதிப்பில் அதற்கு முன் ஜேசியும் ஏபிலினும் பூல் ஹாலில் இருக்கும் காட்சி சேர்க்கப்பட்டிருக்கிறது. 118 நிமிடப் பதிப்பில் நடந்ததை லோயிஸின் முகத்தைப் பார்த்தே நாம் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் இந்தப் பழைய 118 நிமிடப் பதிப்பைப் பார்ப்பதே நல்லது.