ரிப்போர்ட் நார்மல், உடம்பு மட்டும் இல்லை: லாங் கோவிட் அனுபவப் பகிர்வு

கணித ஆசிரியை, திண்டுக்கல்

2021 மே மாதம், இரண்டாவது அலையில் எனக்குக் கரோனா வந்தது. ஆக்சிஜன் தேவைப்படவில்லை, மருத்துவமனையில் சேரவும் இல்லை. வீட்டிலேயே தனி அறையில் இருந்தேன், காய்ச்சல் விட்டது. அந்த மாதம் எங்கள் தெருவில் நடந்த சாவுகளைப் பார்த்தவர்களுக்கு, உயிரோடு எழுந்து நடமாடுவதே பெரிதாகத் தெரிந்தது. செப்டம்பரில் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பள்ளி திறந்தபோதுதான் உடம்பு பழைய உடம்பு இல்லை என்று புரிந்தது. கரோனா போன பிறகும் மாதக்கணக்கில் விடாத இந்தத் தொல்லையைத்தான் லாங் கோவிட் என்கிறார்கள்.

கரும்பலகை முன் நின்று ஒரு தேற்றத்தை எழுதி முடிப்பதற்குள் நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும், காதுக்குள் இரையும். உட்கார்ந்தால் தணிந்துவிடும். அதைவிட என்னை உலுக்கியது மறதி. ஆண்டுக்கணக்கில் நடத்திய பாடம். இருபடிச் சமன்பாட்டில் 'தன்மைக்காட்டி' என்ற சொல் வர வேண்டிய இடத்தில் நாக்கு நின்றுவிடும். முதல் வரிசை மாணவிகள் மெதுவாக எடுத்துக் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் பரிவை நான் மறக்க மாட்டேன்.

எக்ஸ்ரே, இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை என எல்லாம் பார்த்தாயிற்று. எல்லாமே நார்மல். ஒரு மருத்துவர் "மனதைத் தளர விடாதீர்கள்" என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதினார். வீட்டில் யாரும் கடிந்து பேசவில்லை. என் பங்கு வேலையையும் மாமியார் வாய் திறக்காமல் செய்தார். எழுபது வயதுக்காரர் அம்மி நகர்த்துவதைப் படுத்தபடி பார்ப்பது எந்தக் கடுஞ்சொல்லையும்விட வலித்தது.

கடைசியில் ஒரு பொது மருத்துவர் என்னைப் படுக்க வைத்து நாடி பார்த்தார். பிறகு எழுந்து, எதிலும் சாயாமல் பத்து நிமிடம் நிற்கச் சொல்லி, நிமிடத்துக்கு ஒருமுறை நாடித்துடிப்பைக் குறித்துக்கொண்டே வந்தார். ரத்த அழுத்தம் இறங்காமல் துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு முப்பதுக்கு மேல் கூடினால் அதைப் 'பாட்ஸ்' என்கிறார்கள். எனக்கு அதற்கு மேலேயே போனது. எழுந்து நிற்கும்போது ரத்தம் காலில் தேங்காமல் பார்த்துக்கொள்ளும் தானியங்கு நரம்புகள் சரியாக வேலை செய்யவில்லையாம். நிறையத் தண்ணீர், சற்றுக் கூடுதல் உப்பு, இடுப்பு வரை இறுக்கிப் பிடிக்கும் காலுறை, பிறகு துடிப்பைக் குறைக்கும் ஒரு மாத்திரை. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பைக் கூட்ட வேண்டாம்.

இந்தச் சோதனைக்கு ஒரு கட்டிலும் ஒரு கடிகாரமும் போதும். இதை முதலில் செய்யாமல் என்னை ஸ்கேன் எடுக்க அலையவிட்டதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. உங்களுக்கு என்ன நேர்ந்தது, எது உதவியது? எழுதுங்கள்.

கல்யாண சமையல்காரர், கும்பகோணம்

டீச்சர், எனக்குப் போனது வாசனை.

காய்ச்சலோடு சேர்ந்து போனது, காய்ச்சல் போன பிறகும் திரும்பவில்லை. எங்கள் தொழிலில் கண்ணைவிட மூக்குதான் பெரிது. ரசம் நுரைத்து வரும் நேரம், வெண்ணெய் நெய்யாகும் பக்குவம், பருப்பு அடிப்பிடிக்கப் போவது என எல்லாவற்றையும் மூக்குதான் முதலில் சொல்லும். ஐந்நூறு இலைக்குச் சமைக்கும் இடத்தில் ஒவ்வொரு அண்டாவிலும் கரண்டி விட்டுச் சுவைத்துக்கொண்டிருக்க முடியாது. நாக்கிலும் உப்பு, புளிப்பு, காரம் மட்டும் மிஞ்சின. பெருங்காயம் போட்டதும் போடாததும் எனக்கு ஒன்றாகிவிட்டது.

சில மாதம் கழித்து வாசனை திரும்பியது, ஆனால் கோணலாகத் திரும்பியது. டிகாக்‌ஷன் இறங்கும் வாசனை கருகிய ரப்பராக வந்தது. வெங்காயம் வதங்கினால் சாக்கடை. வீட்டில் தாளிக்கும்போதெல்லாம் வாசல் திண்ணைக்குப் போய்விடுவேன். தயிர்ச்சோறும் வாழைப்பழமும் மட்டும் இறங்கின. உடம்பு இளைத்து, சட்டை எல்லாம் தொளதொளத்தது. "சமையல்காரர் சாப்பிட மாட்டேன் என்கிறாரே" என்று ஊரில் பேசினார்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் மனம் சற்று ஆறியது. கிருமி பெரும்பாலும் வாசனை நரம்பையே நேராகத் தாக்குவதில்லையாம். அதைச் சூழ்ந்து தாங்கி நிற்கும் செல்களைத் தாக்குகிறது. நரம்பு மீண்டும் முளைத்து வரும்போது இணைப்புகள் ஒழுங்காக அமையாததால் நல்ல வாசனையும் கெட்டதாகத் தெரிகிறது. காப்பி, வெங்காயம், பூண்டு, முட்டை, வறுத்த இறைச்சி ஆகியவைதான் பலருக்கும் கோணுகின்றன. காப்பியில் மிகச் சிறிய அளவில் உள்ள கந்தகச் சேர்மம் ஒன்றே அதற்கு முக்கியக் காரணம் என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் கண்டறிந்திருக்கிறார்கள்.

பயிற்சி ஒன்று கொடுத்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நான்கு வாசனை. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் இருபது விநாடி முகர்ந்து, அந்த வாசனை எப்படி இருக்கும் என்று நினைவுகூர வேண்டும். ஜெர்மனியின் டிரெஸ்டனில் உருவான முறை. மாதக்கணக்கில் பிடிக்கும், எல்லோருக்கும் பலிக்கும் என்ற உறுதியும் இல்லை. எனக்குக் கிராம்பு முதலில் வந்தது. இப்போது முக்கால்வாசி தேறியிருக்கிறேன். வேலைக்குப் போகும்போது தங்கை மகனை உடன் அழைத்துப் போகிறேன். அவன் முகர்ந்து சொல்வான், நான் முடிவெடுப்பேன். பாதிச் சம்பளம் அவனுக்குத்தான், அது நியாயமும்கூட.

ஒன்று மட்டும் எல்லோரும் செய்யுங்கள். வாசனை தெரியாதவர் இருக்கும் வீட்டில் இரவு படுக்கும் முன் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். கேஸ் கசிந்தால் அவருக்குத் தெரியாது.

தாதி, கிழக்கு லண்டன் (சொந்த ஊர் பருத்தித்துறை)

எனக்கு 2020 ஏப்ரலிலேயே வந்தது. முகக்கவசத்துக்கே திண்டாடிய காலத்தில் வார்டில் நின்றவர்கள் நாங்கள். டீச்சர் அக்காவுக்கு நின்றால் வரும் தொல்லை, எனக்கு இரண்டு நாள் தள்ளி வரும்.

வேலை செய்யும் அன்று சமாளித்துவிடுவேன். மறுநாளும் பரவாயில்லை. அதற்கு அடுத்த நாள் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. தொண்டை நோகும், கைகால் எரியும், வெளிச்சமும் சத்தமும் தாங்காது. இது சாதாரணக் களைப்பு இல்லை, தூங்கி எழுந்தாலும் போகாது. "மெல்ல மெல்ல உடற்பயிற்சியைக் கூட்டுங்கள்" என்றார்கள். கூட்டக் கூட்டக் கீழே போனேன். இதே தன்மையுள்ள பழைய நோயான நாட்பட்ட சோர்வு நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சியைத் தரக் கூடாது என்று 2021 அக்டோபரில் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் மாற்றி எழுதியது. 2024 ஜனவரியில் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இந்த வகை லாங் கோவிட் நோயாளிகள் 25 பேரைச் சைக்கிள் மிதிக்க வைத்து, முன்னும் பின்னும் தொடைத் தசையை எடுத்துப் பார்த்தார்கள். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்டிரியாவின் வேலை குறைந்திருந்தது, மிதித்த பிறகு தசையில் சிதைவும் கூடியிருந்தது. சோம்பல் என்று என்னைப் பேசிய அத்தனை பேருக்கும் அந்தச் செய்தியை அனுப்பினேன்.

இப்போது நான் செய்வது ஒன்றுதான். மாதச் சம்பளத்தைக் கடன் விழாமல் பிரித்துச் செலவழிப்பதுபோல் உடம்பின் பலத்தைப் பிரித்துச் செலவழிக்கிறேன். உட்கார்ந்து குளிக்கிறேன். தலைக்குக் குளிக்கும் நாளில் கடைக்குப் போவதில்லை. கையில் துடிப்பு காட்டும் கடிகாரம் உண்டு, அது எச்சரித்தால் பாதிப் பாத்திரத்தோடு நிறுத்திவிடுவேன். விருந்தினர் வந்தால் ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்ப் படுத்துவிடுகிறேன். எங்கள் ஆட்களிடம் இதைப் பழக்குவதுதான் எல்லாவற்றிலும் கடினம்.

2023 மார்ச்சில் பிரிட்டனில் ஏறத்தாழ 19 லட்சம் பேர் தங்களுக்கு லாங் கோவிட் இருப்பதாகச் சொன்னார்கள். சுகாதாரப் பணியாளர்களுக்கென்று இருந்த சிறப்புக் கோவிட் விடுப்பை அதற்கு முந்தைய ஆண்டே நிறுத்திவிட்டார்கள். இப்போது அரை நேர வேலை, மேசையில். நோயாளியின் கையைப் பிடிக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்ற ஆசை இன்னும் விடவில்லை.

ஆய்வக நுட்பநர், கோவை

"ரிப்போர்ட் நார்மல்" என்று தினமும் அச்சடித்துக் கொடுக்கும் இடத்தில் இருக்கிறேன், எனக்கும் நோய் இருக்கிறது. அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

நாம் வழக்கமாகச் செய்யும் ரத்தப் பரிசோதனைகள் இந்த நோயைப் பிடிப்பதற்கென்று உருவானவை அல்ல. ரத்த சோகை, தைராய்டு, சர்க்கரை, இதயக் கோளாறு போன்றவை இல்லை என்று விலக்கத்தான் அவை உதவும். அந்த அளவில் அவை மிக அவசியம், தவிர்த்துவிடாதீர்கள். லாங் கோவிட் இருக்கிறது என்று உறுதிசெய்யும் தனிச் சோதனை இன்றுவரை எந்த ஆய்வகத்திலும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் தந்த வரையறையும் அறிகுறிகளையும் காலத்தையும் வைத்துத்தான் இருக்கிறது: தொற்று தொடங்கி மூன்று மாதத்தை ஒட்டிக் காணப்பட்டு, குறைந்தது இரண்டு மாதம் நீடித்து, வேறு நோயால் விளக்க முடியாதவை.

காரணம் ஒன்றல்ல. வைரஸின் துணுக்குகள் குடல் போன்ற இடங்களில் நெடுநாள் தங்கி நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டிக்கொண்டே இருக்கலாம். நம் உடலையே தாக்கும் எதிர்ப்பொருள்கள் உண்டாகியிருக்கலாம். சிறு வயதில் வந்து உறங்கிக்கிடந்த எப்ஸ்டீன் பார் வைரஸ் மீண்டும் விழித்திருக்கலாம். தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தில் ரெசியா பிரிட்டோரியஸ் குழுவினர் எளிதில் கரையாத நுண் ரத்தக்கட்டிகளைக் காட்டினார்கள். ஒருவருக்கு ஒன்று, இன்னொருவருக்கு இரண்டு மூன்று சேர்ந்து. ஆசிரியைக்கு நரம்பு, மாஸ்டருக்கு மூக்கு, லண்டன் அக்காவுக்குத் தசை என்று பிரிவதும், ஒரே மருந்து எல்லோருக்கும் கேட்காததும் இதனால்தான் என்பது என் கருத்து. கரோனா வைரஸ் பெருகுவதைத் தடுக்கும் பாக்ஸ்லோவிட் மாத்திரையை 15 நாள் கொடுத்துப் பார்த்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் பலன் தெரியவில்லை என்று 2024இல் வெளியானது.

நோயை முதலில் பட்டியலிட்டவர்களும் நோயாளிகளே. தாங்களே பாதிக்கப்பட்ட ஆய்வாளர்கள் சேர்ந்து 56 நாடுகளில் 3,762 பேரிடம் கேட்டு, இருநூறுக்கும் மேற்பட்ட அறிகுறிகளைத் தொகுத்து 2021இல் வெளியிட்டார்கள். நாம் இங்கே எழுதுவதும் வீண் இல்லை.

வைட்டமின் டிரிப், "போஸ்ட் கோவிட் பேக்கேஜ்" என்று ஆயிரக்கணக்கில் கேட்கும் இடங்களுக்குத் தயவுசெய்து போகாதீர்கள். நகையை அடகு வைத்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கல்லூரி மாணவி, சென்னை

அப்பாவுக்காக எழுதுகிறேன். கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். 2020 மே மாதம் அங்கே தொற்று பரவியபோது வந்தது. நிமோனியாவாகி ஆக்சிஜன் வைத்தார்கள். பிழைத்து வந்தார். இன்று ஒரு மூட்டையைத் தோளில் ஏற்றினால் பத்தடியில் மூச்சு வாங்குகிறது. வெங்காய மூட்டை 50 கிலோ இருக்கும். கூலி மூட்டைக் கணக்கில்தான்.

எல்லோரும் ஓய்வு என்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, அக்கா. அப்பா ஓய்வெடுத்தால் அன்று வீட்டில் வருமானம் இல்லை. அம்மா இரண்டு வீட்டு வேலைக்குப் போனது இப்போது நான்கு வீடாகிவிட்டது. நான் மாலையில் துணிக்கடைக்குப் போகிறேன். அப்பா இப்போது மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கட்டுப் பிரித்துக் கொடுக்கிறார். முன்பு வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு வருகிறது. "ஆம்பளைக்கு இது ஒரு வேலையா" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அப்பா பதில் சொல்வதில்லை. பேசினால் மூச்சு வாங்கும் என்பதும் ஒரு காரணம்.

எக்ஸ்ரேவில் தழும்பு பெரிதாக இல்லை என்றார்கள். பிறகு ஏன் இப்படி?

ஆய்வக நுட்பநர், கோவை

தங்கைக்கு: எக்ஸ்ரே ஓரளவு தெளிந்திருந்தாலும் நுரையீரலிலிருந்து ஆக்சிஜன் ரத்தத்துக்குள் கடப்பது குறைந்திருக்கலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கரோனாவிலிருந்து மீண்ட 207 பேரைச் சோதித்ததில் ஏறத்தாழ 44 விழுக்காட்டினருக்கு அந்தக் குறை இருந்தது. அதை அளக்கும் சோதனைக்கு டி.எல்.சி.ஓ. என்று பெயர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சக நோய்ப் பிரிவில் டி.எல்.சி.ஓ., ஆறு நிமிட நடைச் சோதனை இரண்டையும் கேளுங்கள். நடக்கும்போது விரலில் ஆக்சிமீட்டர் இருக்க வேண்டும், உட்கார்ந்து பார்த்தால் குறை தெரியாமல் போகலாம். 2020இல் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை மறக்காமல் எடுத்துப் போங்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைப்பு உண்டா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்பா தூக்கிய மூட்டையின் எடையை மருத்துவரிடம் சொல்லுங்கள். "மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா" என்று மட்டும்தான் கேட்பார்கள். ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள், உட்கார்ந்து பார்ப்போம்.