தலையில் மரக்கால், காலடியில் மூன்று தலை நாய்: இந்தச் செப்புத்தகட்டு அச்சு 1719-தானா?

கேள்வி:
வணக்கம். ஏலத்தில் எடுத்த தாள். அரியணையில் தாடிக்காரக் கடவுள், தலையில் தானியம் அளக்கும் மரக்கால் மாதிரி ஏதோ, பக்கத்தில் மூன்று தலை நாய். மேலே பிரெஞ்சில் 'தொகுதி 2'. பாதாளக் கடவுள் புளூட்டோ, பிரெஞ்சு அறிஞர் மோன்ஃபோகோனின் பழம்பொருள் நூல், பாரிஸ் 1719 என்று சொல்லி விற்றார்கள். வண்ணம் பூசியிருக்கிறது. சுற்றிலும் தகட்டுத் தடம் (அச்சிடும்போது தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய பள்ளம்) இருக்கிறது, ஆகவே அசல்தானே? பழுப்புப் புள்ளிகளை பிளீச் செய்யலாமா?

பதில் 1:
புளூட்டோ அல்ல, செராபிஸ். தலையில் இருப்பது நிஜமாகவே தானியம் அளக்கும் மரக்கால்தான், லத்தீனில் மோடியஸ். எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சமான தாலமி மன்னர்கள் காலத்தில், ஒசிரிஸ்-அபிஸ் என்ற எகிப்தியத் தெய்வ வழிபாட்டுக்குக் கிடைத்த கிரேக்க முகம் இது. நாய் ஹேடீஸிடமிருந்து (புளூட்டோவின் கிரேக்கப் பெயர்) வந்ததால்தான் இந்தக் குழப்பம்.

பதில் 2:
தடத்தை மட்டும் நம்பாதீர்கள். ஃபோட்டோகிராவூரிலும் (புகைப்பட முறையில் அரித்த தகட்டு அச்சு) தடம் விழும், வெறுந்தகட்டை அழுத்தியும் வரவழைக்கலாம். 10 மடங்கு லென்ஸில் கோட்டைப் பாருங்கள். உளி வெட்டிய கோடு நுனியில் ஊசியாக மெலியும், அமிலம் அரித்தது மொட்டையாக முடியும்; அக்காலத் தகடுகளில் இரண்டும் கலந்தே வரும். வரிசையான புள்ளிகள் தெரிந்தால் ஹாஃப்டோன் (புள்ளிகளால் ஆன பிற்கால அச்சு), மணல் தூவியது போலிருந்தால் ஃபோட்டோகிராவூர்.

அடுத்து, தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுமார் 25 மி.மீ. இடைவெளியில் சங்கிலிக் கோடுகளும் (தாள் வார்த்த கம்பிச் சல்லடையின் தடம்) அவற்றை ஒட்டி மங்கல் நிழலும் இருக்க வேண்டும். கோடே இல்லாத தாள் ஐரோப்பிய நூல்களில் 1757-க்குப் பிறகுதான். புற ஊதா விளக்கில் நீலவெள்ளையாக மின்னினால் பெரும்பாலும் 20-ம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தைய தாள். தாள் சரியாக இருந்தாலும் 1719 என்று உறுதியாகாது, 1722-லும் பதிப்பு உண்டு. வண்ணம் பின்னால் யாரோ பூசியது.

பதில் 3:
பிளீச் வேண்டவே வேண்டாம். குளோரின் எச்சம் நாரை அரித்துக்கொண்டே இருக்கும், பூசிய வண்ணமும் போய்விடும். புள்ளிக்குக் காரணம் ஈரம், பூஞ்சை, தாளிலுள்ள இரும்புத் துகள். மென்தூரிகையால் தூசி தட்டி, ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருக்கும் இடத்தில் வையுங்கள். ஃபிரேம் போட்டால் அமிலமற்ற அட்டை. மேல் விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் கீல்கள், கோதுமை ஸ்டார்ச் பசையில். நான்கு பக்கமும் ஒட்டினால் மழைக்காலத்தில் தாள் விரிய இடமில்லாமல் அலை அலையாக நெளியும்.

கேட்டவர்:
நீல ஒளி இல்லை. கோடுகள் உளி வெட்டியவை. ஆனால் சங்கிலிக் கோடு குறுக்கே ஓடுகிறது. உயரம் 24 செ.மீ., தடம் முழுதாக இருக்கிறது.

பதில் 2:
அப்படியானால் பழையது, ஆனால் மோன்ஃபோகோன் இல்லை. அது ஃபோலியோ (முழுத்தாளை ஒருமுறை மடித்த பெரிய நூல்), அதன் முழுப்பக்கத் தகடு 24 செ.மீ. தாளில் அடங்காது. குறுக்குக் கோடு பொதுவாகக் குவார்ட்டோவின் (இருமுறை மடித்த சிறிய நூல்) அடையாளம். 'தொகுதி 2' எந்த நூலிலும் இருக்கும். தடத்தின் நீள அகலத்தையும் நீர்க்குறி (வெளிச்சத்தில் தெரியும் தாள் தயாரிப்பாளரின் முத்திரை) இருந்தால் அதையும் எழுதுங்கள். ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்.