சின்ன வயசுப் பாட்டு: போனில் கேட்டுக் கேட்டே கொன்றுவிட்டோமா?

தேனிக்காரன்:
நேராக விஷயத்துக்கு வருகிறேன். வளர்ந்த காலத்தில் கேட்ட பாட்டை இப்போது நினைத்த நேரத்துக்கெல்லாம் போனில் போட்டுக் கேட்கிறோமே, அதுதான் அந்தப் பாட்டைக் கொல்கிறது. இது என் கட்சி.

எங்கள் ஊரில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவானாலும் முதல் நாள் சாயந்தரமே வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். முதலில் சீர்காழியின் 'விநாயகனே வினை தீர்ப்பவனே'. அப்புறம்தான் மற்றதெல்லாம். கல்யாண வீடென்றால் 'மணமகளே மருமகளே வா வா' கட்டாயம் உண்டு. 1962-ல் 'சாரதா' படத்துக்குப் பஞ்சு அருணாசலம் எழுதிய பாட்டு. நான் பிறப்பதற்கு முந்தையது. ஆனால் எங்கே காதில் விழுந்தாலும் எனக்குப் பந்தியில் ஊற்றும் சாம்பார் வாசனைதான் வரும். அதை நானாகப் போட்டுக் கேட்டதே கிடையாது. ஊர் போட்டது, நான் கேட்டேன். மறுபடி எப்போது வரும் என்று தெரியாது. அதனால்தான் ஒட்டிக்கொண்டது.

'இளைய நிலா' 1982-ல் வந்தது. ரொம்ப வருஷத்துக்கு அந்தக் கிட்டார் ஆரம்பித்தாலே டீக்கடை பெஞ்சும் பரீட்சை முடிந்த மத்தியானமும் வந்துவிடும். இன்றைக்கு அதைப் பல் துலக்கும்போது கேட்கிறேன், வண்டி ஓட்டும்போது கேட்கிறேன். இப்போது பெட்ரோல் பங்க் க்யூதான் ஞாபகம் வருகிறது. பழைய ஞாபகத்தின் மேல் புதுசு ஏறி உட்கார்ந்துவிட்டது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அடுப்படி ரேடியோ:
இருக்கிறது. டீக்கடை பெஞ்ச் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் உங்கள் அக்கா தங்கச்சி யாராவது என்றைக்காவது உட்கார்ந்ததுண்டா?

எனக்கு வயசுக்கு வந்த பிறகு கடைத்தெருப் பக்கமே வேலை இல்லை. கேசட்டில் பாட்டுப் பதிந்து வர அண்ணன் போவான். நான் எழுதிக் கொடுத்த லிஸ்ட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அவனுக்குப் பிடித்ததைப் பதிந்து வருவான். எனக்கு மிச்சம் ரேடியோதான். தூத்துக்குடிப் பக்கம் என்பதால் இலங்கை வானொலி பக்கத்து வீட்டிலிருந்து பேசுவது போல விழும். காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஓடும்போது ஒரு கையில் சட்னி அரைத்துக்கொண்டே கேட்பேன். நல்ல பாட்டு வரும், பல்லவி முடியும், "தண்ணி வந்துடுச்சு, குடத்தை எடு" என்று அம்மா சத்தம் போடுவாள். திரும்பி வந்தால் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும். சாயந்தரம் அப்பா வந்ததும் செய்திக்குத் திருப்பிவிடுவார்.

'செந்தூரப் பூவே' பாடியதற்கு ஜானகியம்மாவுக்குத் தேசிய விருது கிடைத்தது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாட்டை முதல் எழுத்திலிருந்து கடைசிவரை, நடுவில் யாரும் கூப்பிடாமல் கேட்டது எனக்கென்று ஒரு போன் வந்த பிறகுதான். காத்திருந்து கேட்டதில் நீங்கள் சுகம் கண்டிருக்கிறீர்கள். எனக்கு அது வெறும் எரிச்சல்.

உங்கள் வேப்பமரத்துக் குழாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். பங்குனிப் பொங்கலும் பத்தாம் வகுப்புப் பரீட்சையும் எப்போதும் ஒன்றாகத்தான் வரும். விடியற்காலை நாலு மணிக்கு எல்.ஆர். ஈஸ்வரி 'செல்லாத்தா' என்று ஆரம்பித்தால் நான் கணக்கில் எதைப் போடுவது? இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று விதி வந்தது 2000-ல். என் பரீட்சைக்கு உதவவில்லை.

சைடு ஏ சைடு பி:
நடுவில் ஒரு தொழில்காரன் வருகிறேன். 80களின் கடைசியில் ஒரு கேசட் கடையில் பதிவு வேலை பார்த்தவன்.

60 கேசட் என்றால் ஒரு பக்கம் 30 நிமிஷம். பாட்டுக்கு நாலரை நிமிஷம் வைத்தால் 6 பாட்டு போக 3 நிமிஷ நாடா மிச்சமிருக்கும். அதை வெறுமனே விட யாரும் சம்மதிக்கமாட்டார்கள். "ஏழாவது ஒன்னு போடுங்க, வர்ற வரைக்கும் வரட்டும்" என்பார்கள். ரெண்டாவது சரணத்தில் 'டக்'கென்று நிற்கும். அப்படிப் பாதியில் நின்ற பாட்டுகளோடுதான் பல வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். எனக்கு இன்றைக்கும் சில பாட்டுகளை முழுசாகக் கேட்டால் என்னவோ கூடுதலாக ஓடுவது போல இருக்கும். (நாடா சிக்கிப் பேனா விட்டுச் சுற்றிய கதையை ஊரே சொல்லியாச்சு, அதை விடுங்கள்.)

தேனி அண்ணன் கட்சிக்கு வருகிறேன். திரும்பத் திரும்பக் கேட்பது போன் வந்த பிறகு வந்த பழக்கம் என்று எழுதியிருக்கிறார். அதெல்லாம் இல்லை. ஒரு பையன் வந்தான். ஒரே பாட்டை ரெண்டு பக்கமும் நிரம்புகிற வரை பதிந்து தரச் சொன்னான். காதல் விவகாரம், வேறென்ன. எனக்கே வெறுத்துப்போச்சு, அவனுக்கு வெறுக்கவில்லை. அவனைக் கேட்டால் அந்தப் பாட்டு செத்துப்போச்சு என்றா சொல்வான்?

தேனிக்காரன்:
அந்தப் பையன் காசு கொடுத்து, கடைக்கு நடையாய் நடந்து வாங்கியிருக்கிறான். அதில் ஒரு மெனக்கெடல் இருக்கிறது. கட்டைவிரலால் தட்டுவதும் அதுவும் ஒன்றா?

அக்கா, டீக்கடை விஷயத்தில் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன். அது ஊர் செய்த அநியாயம். ஆனால் ஒன்று கேட்கிறேன். "குடத்தை எடு" சத்தம் இத்தனை வருஷம் கழித்தும் பாட்டோடு சேர்ந்து உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா? போனில் முழுசாகக் கேட்டீர்களே, அந்த நாளைப் பற்றி ஏதாவது ஞாபகம் இருக்கிறதா?

சாவகச்சேரியான்:
தட்டுப்பாட்டால்தான் பாட்டு ருசித்தது என்ற கதையை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாங்கள் பார்த்த தட்டுப்பாடு வேறு.

1990-ல் போரால் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பற்றரி தடை செய்யப்பட்ட சாமான்களில் ஒன்று. சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்போம். ஒருவர் மிதிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்போம். ரேடியோ என்றால் பரவாயில்லை, மிதி குறைந்தால் சத்தம்தான் குறையும். கேசட் என்றால் நாடாவே மெதுவாகிவிடும். 'ரோஜா' பாட்டுகள் வந்த நேரம். மிதிக்கிறவனுக்குக் கால் களைத்தால் 'சின்னச் சின்ன ஆசை'யில் மின்மினியின் குரல் இழுபட்டு ஆம்பிளைக் குரலாகிவிடும். பெரியம்மா உள்ளேயிருந்து "மிதியடா!" என்று கத்துவா. அவன் எழும்பி நின்று மிதிக்க, குரல் கீச்சென்று மேலே போகும். செய்தி கேட்கிறதற்குத்தான் அந்தச் சைக்கிள், பாட்டு இடையில் களவாகக் கேட்டது. 95 இடப்பெயர்வோடு அந்தச் சைக்கிளும் போனது, ரேடியோவும் போனது.

சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன். ஆனால் அதை நல்ல காலம் என்று சொல்லச் சொன்னால் வாய் வராது.

இப்போது டொரன்டோவில் இருக்கிறேன். மகன் காரில் அந்தப் பாட்டைப் போடுவான். எத்தனையோ தரம் கேட்டாயிற்று. ஹைவே ஞாபகம் ஒன்றும் அதன்மேல் ஏறவில்லை. அண்ணை சொல்கிற விதி எனக்குப் பொருந்தவில்லை.

ஜன்னலோர சீட்டு:
பெரியவர்கள் "எங்கள் காலத்துப் பாட்டு" என்று பட்டா போடுவதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. நான் 2003-ல் பிறந்தவன். பழனியிலிருந்து திண்டுக்கல்லுக்குத் தனியார் பஸ்ஸில் காலேஜ் போனேன். டிரைவர் அண்ணன் பென் டிரைவில் இருப்பது முழுக்க 80களும் 90களும்தான். கூட்டத்தில் ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை. ஹெட்போனைத் தேட வழியே இல்லை. ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மூட்டையோடு கூட்டம் ஏறும்போது எந்த ராஜா பாட்டு ஓடும் என்பது எனக்கு அத்துப்படி. தேனி அண்ணன் சொல்லும் "ஊர் போட்டது, நான் கேட்டேன்" இன்னும் அந்த பஸ்ஸில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அது எனக்கும் வளர்ந்த காலத்துப் பாட்டுதான்.

இன்னொன்று. 2020 லாக்டவுனில் 'வாத்தி கமிங்' பாட்டை ஒரு நாளைக்கு எத்தனை தடவை போட்டிருப்பேன் என்று கணக்கே கிடையாது. எல்லாம் போனில்தான், நினைத்தபோதெல்லாம். இப்போது எந்தக் கல்யாணத்தில் கேட்டாலும் கேமராவை அணைத்துவிட்டு ஆன்லைன் கிளாஸில் படுத்துக் கிடந்ததும், மிஸ் என் பேரைக் கூப்பிட்டதும்தான் வருகிறது. எந்த மெனக்கெடலும் இல்லாமல் ஒட்டியிருக்கிறதே, இதற்கு என்ன சொல்கிறீர்கள் அண்ணே?

தேனிக்காரன்:
தம்பி, உனக்கு இன்னும் 25 வயசு ஆகவில்லை. இருபது வருஷம் போகட்டும், அந்தப் பாட்டை இன்னும் ஆயிரம் தடவை கேட்டுவிட்டு வந்து சொல். சாவகச்சேரி நண்பர் சொன்னது வேறு. அவ்வளவு பெரிய காலத்தோடு ஒட்டிய பாட்டை ஒரு ஹைவே என்ன செய்துவிடும்? என்னுடையது சாதாரண மத்தியானம், சாதாரண பெஞ்ச். அந்த மாதிரி ஞாபகம்தான் சுலபமாக அழிந்துபோகிறது. அதைத்தான் சொல்கிறேன்.

அக்கா பதில் சொல்லவில்லை.

அடுப்படி ரேடியோ:
பேரன் அழுதுகொண்டிருந்தான், அதான் தாமதம்.

போனில் முழுசாகக் கேட்ட நாள் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டீர்கள். நன்றாக இருக்கிறது. வீட்டில் ஒருத்தரும் இல்லை. மொட்டை மாடியில் பழைய வேட்டியை விரித்து வடாம் பிழிந்திருந்தேன். போனை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு குச்சியால் காக்கா விரட்டிக்கொண்டே கேட்டேன். முடிந்ததும் மறுபடி போட்டேன். கை முழுக்கக் கஞ்சி, போன் திரையெல்லாம் பிசுபிசுப்பு. இப்போதெல்லாம் 'செந்தூரப் பூவே' கேட்டால் வடாம்தான் வருகிறது. குடம் வருவதில்லை.

தேனிக்காரன்:
பார்த்தீர்களா! பழசின் மேல் புதுசு ஏறி உட்காருகிறது என்று நான் சொன்னதுதானே இது?

அடுப்படி ரேடியோ:
ஏறி உட்காரட்டும், யார் வேண்டாம் என்றது? அதைக் கொலை என்று சொன்னீர்களே, அதைத்தான் இல்லை என்கிறேன். ஐம்பது வயசுக்கு மேல் எனக்கே எனக்கென்று ஒரு ஞாபகம் கிடைத்திருக்கிறது. அந்தக் குடத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.